ஆளுக்கொரு சதவீதம்

சுழற்காற்று வருமா என்று கேட்டால், டெக்சாஸில் போன்கள் ஆளின் குணம் பார்த்துத்தான் பதில் சொல்லும். கேமராவோடு கொல்லைப்புறம் ஓடும் துரைக்கண்ணுவை உள்ளே தள்ள எப்போதும் தொண்ணூறு சதவீதம். மேகம் கறுத்தாலே உதறலெடுக்கும் அவர் மனைவி சிவகாமிக்கு வெறும் மூன்று. இருவரும் ஒப்பிட்டுச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இன்று பஜ்ஜி போடும்போது இரண்டு போனும் சேர்ந்து அலறின.

“எனக்கு எண்பதுங்குது. உங்களுக்கு?” என்றாள் சிவகாமி.

துரைக்கண்ணு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “எனக்கும் எண்பதுதான்டி.”

சிவகாமி அடுப்பை அணைத்தாள். அவர் கேமராவை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். நிலவறைப் படியில் இறங்கும்போது அவள் சொன்னாள்:

“ஆளுக்கொரு பொய் சொல்லக்கூட அதுக்கு நேரமில்லபோல!”