மறுகரை இல்லாத ஆறு

பிள்ளை பெற்றவள் தொடும் முதல் மீனுக்குக் கணவன் ஓத வேண்டும். மீன் பிறந்த ஆற்றில் தொடங்கி, கரை கரையாகப் பெயர் சொல்லி வீடுவரை வந்தால்தான் அதிலுள்ள நோய் இறங்கும். அமேசான் காட்டுப் பனிவா மக்களின் வழக்கம் அது. ஆறு பெருகி வலையில் ஒன்றும் விழவில்லை. லவுரியானோவின் கையில் இருந்தது படகு வியாபாரி தந்த டப்பா மீன்.

“இது எந்த ஆத்து மீனு?”

பள்ளிக்கூடம் போய்ப் படித்திருந்த அவன் மனைவி ஒலிந்தா டப்பாவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கடல்னு போட்டிருக்கு.”

“அது எப்படி இருக்கும்?”

“நான் எங்க பார்த்தேன்? ஒரே ஒரு கரைதானாம்.”

அவன் கண்ணை மூடி ஓதினான். உப்புத் தண்ணீரில் இறங்கிய பாட்டு ஒதுங்க இடமில்லாமல் தத்தளித்தது; சொல்ல அடுத்த கரையின் பெயர் இல்லை. பிள்ளையை அணைத்தபடியே அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

“இங்க கரையேறிக்க.”