வழி கேட்ட சாவி

இணைய வரைபடச் சேவையிடம் வழி கேட்க, அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு ரகசியச் சாவி உண்டு; எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரம். அங்கே வேலை பார்த்து இறந்துபோன தம்பியின் சாவியை ரத்து செய்ய, சாவிகளைக் கவனிக்கும் அக்காவுக்கு மனம் வரவில்லை. அது இன்னும் வழி கேட்டுக்கொண்டிருந்தது. சேவை அனுமதித்த அளவு மீறாமல், தினம் ஒரே தடவை. முதலில் கல்லறையிலிருந்து வீட்டுக்கு. பிறகு புறப்படும் இடம் நாளுக்கு நாள் வீட்டை நெருங்கியது.

“எவனோ திருடிட்டான்மா. ரத்து பண்ணு. இல்லேன்னா அந்தச் சேவைக்காரங்க நம்ம எல்லாருக்கும் கதவைச் சாத்திருவாங்க,” என்றார் மேலாளர்.

“அவனுக்கு வழியே மனசுல நிக்காது சார். இன்னும் ரெண்டு தெருதான் பாக்கி.”

“என்னம்மா உளர்ற?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரத்து செய்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பியவளை, தெருமுனையில் புதுக்கடை போட்டிருந்தவர் கூப்பிட்டார்.

“இப்பத்தான் ஒரு பையன் உங்க வீட்டுக்கு வழி கேட்டான்மா. மூணு தடவை சொன்ன பிறகுதான் மண்டையில ஏறுச்சு.”