ஒன்பதாவது ஸ்லைடு

தடுப்பூசியைச் சோதிக்க, மலேரியாக் கிருமியை உடம்பில் ஏற்றிக்கொண்டு ம்வெம்பேனி ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்தவர்கள் எட்டுப் பேர். தினமும் காலையில் அவர்களின் ரத்தத்தை எட்டு ஸ்லைடில் தடவி வைப்பாள் கட்ஸோ. மூன்று நாளாகத் தட்டில் ஒன்பது இருக்கின்றன.

"எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று கத்திய டாக்டர், மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் அடங்கினார். "ஒன்பதாவதுல கிருமி மொய்க்குதே! யாரு இது?"

கட்ஸோ அந்த ஸ்லைடைத் தொட்டாள். சுட்டது. போன மழைக்காலத்தில், காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கி வந்தவளை, "மருந்து ஆய்வுக்கு வந்தவங்களுக்கு மட்டும்தான்" என்று இதே வாசலில் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில், மத்தாத்து என்ற வாடகை வேனிலேயே உயிர்விட்ட அந்த மகளின் நெற்றியும் இப்படித்தான் சுட்டது.

"யாரா இருந்தா என்ன?" என்று சீறினாள். "கிருமி தெரிஞ்சா உடனே மருந்துன்னு சட்டம் போட்டது நீங்கதானே? இன்னிக்காவது குடுங்க!"

டாக்டர் மாத்திரையை ஸ்லைடின் பக்கத்தில் வைத்தார்.

சாயங்காலம் ஆகியும் ஸ்லைடின் சூடு ஆறவே இல்லை.