டிராயருக்கு வந்த பூட்டு

"செண்ட் வேற போட ஆரம்பிச்சுட்டாரா? போச்சு அக்கா!" என்றாள் தங்கை, போனில்.

"சும்மா இருடி. வயித்துல புளியைக் கரைக்காதே."

"போனைப் பார்த்துத் தனியாச் சிரிக்கிறார். பன்னிரண்டு வருஷமா திறந்தே கிடந்த டிராயருக்குத் திடீர்னு பூட்டு. உள்ள என்ன, உனக்கு வாங்கின வைரமா இருக்கும்?"

"அடுத்தவங்க டிராயரைத் திறக்கிறது தப்பில்லையா?"

"அடுத்தவங்களா? உன் புருஷன்க்கா!"

போனை வைத்துவிட்டு அக்கா கொண்டை ஊசியோடு டிராயர் முன் உட்கார்ந்தாள். பிறகு குறடு எடுத்தாள். பூட்டைவிட, இப்படிக் குனிந்து கிடக்கும் தன்னைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஒருவழியாகப் பூட்டு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"நாற்பத்தேழு நிமிஷம்!"

பின்னால் ஸ்டாப்வாட்சோடு கணவன் நின்றிருந்தான்.

"ஐயோ, நீங்க வேலைக்குப் போகலையா?"

"இதுதான் வேலை. எங்க கம்பெனி புதுப் பூட்டு. சோதிக்க உட்கார வச்ச ஆளுங்க இருபது நிமிஷத்துல சலிச்சு எழுந்துட்டாங்க. சந்தேகப்படற பொண்டாட்டி மாதிரி விடாப்பிடியா யார் உட்காருவா?"

"அப்ப செண்ட்? சிரிப்பு?"

"அதெல்லாம் இல்லாம நீ பூட்டுல கை வைப்பியா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "யாரும் இல்லையே?"

"யாருமில்லை. நாளைக்கு இதைவிடக் கெட்டியான பூட்டு வருது."

"அதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே எப்படிச் சந்தேகப்படுவேன்?"

"அந்தக் கவலையை என்கிட்ட விடு."

அவன் போன் ஒலித்தது. பார்த்ததும் சிரித்தபடி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த பூட்டுக்கான ஏற்பாடுதான் இது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.