முளைக்காத பாலிகை

"உப்பு போகுற மாதிரி நார்த்தூள நல்லா அலசினியா, மலரு?"

"மூணு தண்ணி மாத்தி அலசினேன்மா."

"அப்புறம் ஏன் இப்படிக் கிடக்கு?"

மலர்விழி குனிந்து சட்டிகளைப் பார்த்தாள். பூஜை அறை மூலையில் ஐந்து மண் சட்டிகள். ஐந்திலும் ஈரமான தேங்காய் நார்த்தூள். அதற்குள் நவதானியம். முதல் முறை போட்டது அழுகிப் போனது. இது இரண்டாவது முறை. மூன்று நாள் ஆகியும் ஒரு முளை கூட எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா குமுதா விரல் விட்டு நாள் எண்ணினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் பெண் வீட்டில் பாலிகை முளைத்திருக்க வேண்டும், அதற்குப் பெண்ணே தன் கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லாம் மாப்பிள்ளை வீட்டு வழக்கம். சம்பந்தி அமுதவள்ளி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எங்க பெரியவனுக்கு முளைக்கல. பரவால்லன்னு தாலி கட்டுனோம். ஆறே மாசத்துல கோர்ட்டுல நின்னோம். இந்த வாட்டி முளைச்சாதான் மண்டபம், இல்லன்னா இல்ல."

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடியில் இருந்துகொண்டு மண்ணுக்கு எங்கே போவது? குமுதாவின் கணவர் திருச்செல்வம்தான் பூச்செடிக் கடையில் நார்த்தூள் கட்டியை வாங்கி வந்தார். செங்கல் அளவுதான் இருந்தது. ஊற்றிய தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டு வாளி நிறையப் பொங்கி நின்றது. 'பால் பொங்கின மாதிரி இருக்கே, நல்ல சகுனம்' என்று குமுதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொங்கியதோடு சரி.

"பாசார் கடைக்காரன் பழைய விதையக் கொடுத்துட்டானோ?"

"இருக்கும்மா."

"தண்ணி ஒழுங்கா ஊத்துறியா?"

"காலையிலயும் சாயங்காலமும் நான்தானே ஊத்துறேன்." மலர்விழி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "முளைக்கலன்னா நிஜமாவே கல்யாணம் நின்னுடுமாம்மா?"

குமுதாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பிள்ளை எப்படிப் பயந்து போயிருக்கிறாள்!

"வாயக் கழுவு. யுகேந்திரன் மாதிரி மாப்பிள்ளை தவம் கிடந்தாலும் கிடைக்காது. நான் இருக்கேன்ல? எப்படியாவது முளைக்க வைக்கிறேன்."

அன்றைக்கே, அந்தச் சந்தைப் பக்கம் போகாமல், வேறு கடையில் புது நவதானியம் வாங்கினாள். ஐந்து சட்டியிலும் மூன்றாவது முறை விதைத்தாள். மிச்சமிருந்ததை ஆறாவதாக ஒரு சட்டியில் போட்டு, மகளுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டு சௌதாவிடம் கொண்டுபோனாள்.

"யார்கிட்டயும் சொல்லாத சௌதா. உன் அடுப்படியில வச்சு ரெண்டு வேளை தண்ணி தெளி. எங்க வீட்டுல திருஷ்டி இருக்கான்னு பாக்கணும்."

"விதைக்கு என்னக்கா திருஷ்டி லா?" என்று சிரித்தாலும், சௌதா சட்டியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் சௌதாவே வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, உடனே வந்து பாருங்க!"

சட்டி நிறைய முளை. பயறும் உளுந்தும் எள்ளும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு அரை விரல் நீளத்துக்கு நின்றன. குமுதா வாயைப் பிளந்தாள். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே விதை, அதே நார்த்தூள், அதே குழாய்த் தண்ணீர். குறுக்கே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் காடாய் முளைத்தது, அந்தப் பக்கம் ஏன் சுடுகாடாய்க் கிடக்கிறது? திருஷ்டியா, செய்வினையா, வீட்டு வாசல் பார்த்த திசை சரியில்லையா?

"நீ என்ன செஞ்ச சௌதா?"

"ஒண்ணும் செய்யலக்கா. தண்ணி தெளிச்சேன், அவ்ளோதான்."

காரணம் எப்படியோ போகட்டும், காரியம் நடந்தால் சரி. இருப்பதைப் பிரித்து ஐந்து சட்டியிலும் நட்டுவிட்டால் சம்பந்தி பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப் போகிறாள்? குமுதா சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஓசையில்லாமல் தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

பூஜை அறையில் மலர்விழி குந்தியிருந்து ஒவ்வொரு சட்டியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. 'எவ்வளவு அக்கறை என் பிள்ளைக்கு' என்று குமுதாவுக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

சட்டிகளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"மலரு! சுடுதண்ணியா?"

மலர்விழி திரும்பினாள். மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னேம்மா, அவர் வேணாம்னு. பரிசம் போட்ட அன்னைக்கும் சொன்னேன், போன்லயே கத்துறாரு, பயமா இருக்குன்னு. எல்லாப் பொண்ணும் இப்படித்தான் சொல்லும்னு சிரிச்சீங்க. நான் சொல்லித்தான் கேக்கல, விதை சொன்னாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்."

குமுதா முந்தானைக்குள் இருந்த சட்டியை வெளியே எடுத்தாள். சிரித்தது உண்மைதான். வெட்கத்தில் அவளுக்கு உடம்பே கூசியது.

போன் அடித்தது. அமுதவள்ளி.

"என்ன சம்பந்தி, இன்னைக்காவது பாலிகை முளைச்சிச்சா?"

குமுதா மகளைப் பார்த்தாள். கையில் கொழுகொழுவென்று முளைத்து நின்ற சட்டியைப் பார்த்தாள்.

"இல்லீங்க சம்பந்தி," என்றாள். "மூணாவது தடவையும் ஒண்ணுமே வரல. மண்டபத்த வேணாம்னு சொல்லிடுங்க."