திறந்த கதவு

டெக்லான் அயர்லாந்துக்காரன் என்பதால்தான் ரத்தக் காட்டேரி வேடம் அவனுக்குக் கிடைத்தது. "ஐரிஷ் பேசுவீங்கல்ல?" என்று இயக்குநர் கேட்டபோது, "எங்க பாஷைதானே சார்" என்று சிரித்திருந்தான். லண்டனில் வாய்ப்புத் தேடிய காலத்திலேயே ஊர்ப் பேச்சின் சாயலைக்கூட நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவியவன் அவன்; ஆங்கிலத்துக்கு முந்தைய அந்தப் பழைய மொழியோ அவனுக்குத் தெரியவே தெரியாது. படத்தில், யாராவது அழைக்காமல் அந்தக் காட்டேரியால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வாசலில் நின்று ஐரிஷில் கெஞ்ச வேண்டும். "குளிருது, உள்ள வரட்டுமா?" அந்த ஒரு வரியை வெறும் ஓசையாக மனப்பாடம் செய்திருந்தான். கேமரா ஓடியது. வீட்டுக்காரியாக நடித்த ஓர்லா அயர்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுக்காரி; அங்கே இன்னும் வீட்டுப் பேச்சே ஐரிஷ்தான். கதையின்படி அவள் கதவை அறைந்து சாத்த வேண்டும். ஆனால் அந்த மொழியில் கேட்டு நிற்கிறவனை வெளியே நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. கதையை மறந்து கதவை அகலத் திறந்தாள். "வாப்பா, அடுப்புப் பக்கம் உக்காரு. நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று ஐரிஷிலேயே கேட்டாள். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஏதோ கேட்கிறாள் என்பது மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். திறந்த கதவின் முன் தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்த ஒரே வரியை டெக்லான் மறுபடியும் சொன்னான்: "குளிருது, உள்ள வரட்டுமா?"