மதிலில் 43

1941, சென்சஸ் வருடம். செஞ்சியில் கோட்டைத் தெரு வீடுகளுக்குத் தாரால் எண் எழுதும் வேலை வாத்தியார் சுந்தரமூர்த்திக்கு வந்தது. அதே தெருவிலிருந்த தன் வீட்டுக்குக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார். 42 எழுதியதும் தெரு முடிந்து கோட்டை மதில் வந்துவிட்டது.

மறுநாள் மதிலில் 43 இருந்தது, அவர் கையெழுத்திலேயே. மண்ணெண்ணெய் விட்டு அழித்தார். அடுத்த நாளும் இருந்தது. அந்த எண்ணைத் தன் வீட்டிலேயே எழுதித் தொலைக்கலாம் என்று தார் டப்பாவோடு திரும்பினார்.

கதவு திறந்து கிடந்தது. அடுப்பு சில்லிட்டிருந்தது. மனைவி ரத்தினம்மாளையும் மகளையும் காணவில்லை. தெருவில் யாரும் பார்க்கவுமில்லை.

பொழுது சாயும்வரை தேடிவிட்டு மதிலருகே வந்து நின்றார். கல்லுக்குள்ளிருந்து ரத்தினம்மாளின் குரல் கேட்டது.

"இன்னாங்க, அங்கயே நிக்கிறீங்க? சோறு ஆறிப்போவுது. புள்ள காத்துக்கினு இருக்குது."

சுந்தரமூர்த்தி மதிலோரம் செருப்பைக் கழற்றி விட்டார்.